கூட்டம் நடந்தது, தீர்மானம் எங்கே?

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். தேர் என்றால் ஊர் கூடிவிடுகிறது. அரசியல் பொதுக்கூட்டம் என்றாலும் கூடுகிறது. சினிமா நட்சத்திரம் வருகிறார் என்றால் மொட்டை மாடியிலும் மதிற்சுவரிலும் ஏறி நிற்கிறது. பள்ளிக்கூடத்துச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது, அதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டால் மட்டும், அன்றைக்குப் பார்த்து எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது.

இப்படி ஜனங்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். மேடையில் பேசுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று ஒரு வாக்கியம், கொஞ்சம் கைதட்டல், அத்தோடு முடிந்தது. அக்கறையோடு வந்தவர்களுக்கு அங்கே என்ன மரியாதை கிடைத்தது, அவர்கள் சொன்ன சொல் எந்தப் புத்தகத்தில் ஏறியது என்று விசாரிப்பவர்கள் குறைவு. ஒரு முறை போய் ஏமாந்தவள் மறுமுறை ஏன் போக வேண்டும்?

வெறும் பக்கத்தில் கையெழுத்து

சர்க்கார் பள்ளிக்கூடங்களில் மேலாண்மைக் குழுக் கூட்டம் பல இடங்களில் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல். காலையில் பிள்ளையிடம் சொல்லி அனுப்பிய செய்தி. கொத்து வேலைக்குப் போகிற தாய் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறாள். இட்லிக் கடை வைத்திருப்பவள் மாவு அரைப்பதை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்காருகிறார்கள். தலைமையாசிரியர் நல்லவர்தான், அவர் அவசரம் அவருக்கு. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வரவேண்டும், வீட்டில் படிக்க வைக்க வேண்டும் என்று நாலு வார்த்தை சொல்கிறார். ஒருத்தி எழுந்து, "சார், பொம்பளைப் பிள்ளைங்க கக்கூசுக்குத் தாழ்ப்பாளே இல்லைங்க" என்கிறாள். "பார்க்கலாம்மா, மேலே எழுதியிருக்கோம்" என்று பதில் வருகிறது. பிறகு நோட்டுப் புத்தகம் சுற்றுக்கு வருகிறது.

அந்தப் பக்கத்தின் அடிப்பாகத்தில் வரிசையாகக் கையெழுத்துக்கு இடம். மேற்பாகம் வெறுமை. "என்ன சார் எழுதுவீங்க?" என்று கேட்டால், "நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா, நேரம் ஆச்சு. தீர்மானத்தை நாங்க எழுதிக்கிறோம்" என்கிறார்கள்.

கடன் பத்திரத்தில் இப்படி வெறும் காகிதத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் அந்தப் பெண் போடுவாளா? மாட்டாள். வட்டிக் கடைக்காரரிடம் வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். பள்ளிக்கூடத்து நோட்டு என்றால் மட்டும், வாத்தியார் எழுதுவது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போட்டுவிடுகிறாள். அவள் பேசியது காற்றோடு போயிற்று. தாழ்ப்பாள் என்ற சொல் அந்தப் புத்தகத்தில் இல்லாவிட்டால், சட்டத்தின் கண்ணுக்கு அந்தத் தாழ்ப்பாள் இருக்கிறது என்றே அர்த்தம்.

அவள் எதற்குக் கையெழுத்திடுகிறாள் என்பது சாமானிய விஷயம் அல்ல. 2009-ல் பார்லிமெண்டு நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவை ஏற்படுத்தியது. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்களாக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது ஆகியவை அவர்களுடைய வேலை. அந்தத் திட்டத்தை ஆதாரமாக வைத்தே சர்க்கார் பள்ளிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆக, பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறவள் விருந்தாளியாக வந்தவள் அல்லள். பட்ஜெட்டுக்கு முதல் வரி எழுதும் உரிமை பெற்றவள். தமிழ்நாட்டில் 2022-ல் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது, தலைமைப் பதவியே ஒரு தாய்க்கு என்று வைத்தார்கள். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

(ஆயிரக்கணக்கில் சம்பளம் கட்டிப் படிக்க வைக்கும் தனியார் பள்ளிகளில், சர்க்கார் உதவி பெறாதவற்றுக்கு, இந்தக் குழு கட்டாயம் இல்லை. பணம் கொடுப்பவனுக்கு இல்லாத உரிமையை ஏழைத் தாய்க்குச் சட்டம் கொடுத்திருக்கிறது. அவளுக்கு அதை யாராவது சொன்னால் நல்லது.)

ஓர் அணா

எழுதிய தீர்மானத்துக்கு என்ன பலம் உண்டு என்று சந்தேகப்படுகிறவர்களுக்குச் சென்னைக் கார்ப்பரேஷன் கதை ஒன்று இருக்கிறது.

1920-ம் வருஷம். கார்ப்பரேஷன் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேருவதும் நிலைப்பதும் கஷ்டமாக இருந்தது. காரணம் வறுமை. பசித்த பிள்ளை பாடத்துக்கு உட்காராது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு செய்வது என்று கவுன்சிலில் தீர்மானம் ஆயிற்று. ஓர் அணா என்றால் ரூபாயில் 16-ல் ஒரு பங்கு.

அந்தத் தீர்மானத்தின் அழகு அதன் சின்னத்தனத்தில் இருக்கிறது. "ஏழை மாணவர்களின் முன்னேற்றத்துக்கு ஆவன செய்ய இம்மன்றம் கேட்டுக்கொள்கிறது" என்று எழுதியிருந்தால் அது அங்கேயே மக்கிப் போயிருக்கும். எந்தப் பள்ளி, யாருக்கு, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று எழுதினார்கள். எழுதியதனால் செலவு செய்ய முடிந்தது. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கும் அது பரவிற்று. பள்ளியில் சேருகிற பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஏறிற்று.

ஆனால் முடிவு சுகமானது அல்ல. தொடக்கக் கல்விக்கென்று இருந்த நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிடக் கூடாது என்று அன்றைய வெள்ளைக்கார சர்க்கார் மறுத்தது. 1925-ல் திட்டம் நின்றது. கணக்குப் பிள்ளையின் பேனாவுக்கு முன்னால் கவுன்சிலின் கருணை தோற்றது என்று சொல்லலாம். ஆனாலும் தீர்மானம் புத்தகத்தில் இருந்தது. 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு மாகாணம் முழுவதற்கும் வந்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இந்தத் திட்டங்களின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் அந்த 1920 தீர்மானத்தை எடுத்துக் காட்டுவதுண்டு. நூறு வருஷத்துக்குப் பிறகும் சாட்சி சொல்ல வருகிறது, எழுதி வைத்த ஒரு பக்கம்.

அந்த நாளில் நகரசபை என்றால் பெரிய மனிதர்களும் ஏளனமாக நினைக்கவில்லை. சேலத்தில் ராஜாஜி 1917-ல் நகரசபைத் தலைவரானார். ஈரோட்டில் ஈ.வெ.ரா. பெரியார் நகரசபைத் தலைவராக இருந்து குடிநீர்க் குழாய்க்குப் பாடுபட்டார். சாக்கடையும் குழாயும் தெரு விளக்கும் அரசியலில் அரிச்சுவடி என்று அவர்கள் எண்ணினார்கள். இன்றைக்குக் கவுன்சிலர் பதவி, எம்.எல்.ஏ. டிக்கெட்டுக்குக் காத்திருக்கும் பஸ் ஸ்டாப்பாகப் பல பேருக்கு ஆகிவிட்டது.

எந்தக் கதவைத் தட்டுவது?

தாழ்ப்பாள் விஷயத்துக்கே திரும்ப வேண்டும். அதைப் போட வேண்டியவர் யார்?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது கல்வித்துறை. கட்டிடத்தைப் பழுது பார்ப்பது ஊராட்சி ஒன்றியம். குழாயில் தண்ணீர் வரவேண்டியது ஊராட்சி மூலம். உயர்நிலைப் பள்ளியானால் கட்டிடம் பொதுப்பணித் துறையைச் சேர்ந்தது. ஒரே காம்பவுண்டுச் சுவருக்குள் இத்தனை எஜமானர்கள். தாழ்ப்பாள் கேட்டுப் போகிற தாய் ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு அனுப்பப்படுகிறாள். ஒவ்வொரு இடத்திலும் அவளுக்கு மரியாதையாகவே பதில் சொல்கிறார்கள்: "அது எங்க டிபார்ட்மெண்டு இல்லைம்மா."

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு நூல் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்த வட்டாரத்தின் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. வார்டு மெம்பர், கவுன்சிலர், எவரோ ஒருவர். பள்ளிக் கூட்டத்திலும் நகரசபைக் கூட்டத்திலும் நாற்காலி உள்ள ஆள் அவர் ஒருவரே. இங்கே எழுதிய தீர்மானத்தை அங்கே எடுத்துப் போய் வைக்க வேண்டியவர் அவர். ஆனால் அவர் பள்ளிக் கூட்டத்துக்கு வருவது சுதந்திர தினத்துக்கு மிட்டாய் கொடுக்கத்தான் என்று ஆகியிருக்கிறது. தேர்தலில் வீட்டு வாசலுக்கு வந்து கும்பிட்டவரைப் பள்ளி வாசலுக்கு வரச் சொல்வது பெற்றோர்களுக்கு உள்ள நியாயமான பாத்தியதை. வராத மாதம், "வரவில்லை" என்று நோட்டில் எழுதிவிட்டால் போதும். அடுத்த மாதம் பெரும்பாலும் வருவார்.

இதையெல்லாம் விளையாட்டாகச் சொல்வதற்கு இல்லை. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டார்கள். கீற்றுக் கூரை. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை கூடாது என்று மாநிலமெங்கும் இறக்கினார்கள். 2021 டிசம்பர் 17-ந் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உடனே பழைய பள்ளிக் கட்டிடங்களைப் பரிசோதிக்கவும் பலவீனமானவற்றை இடிக்கவும் உத்தரவு பறந்தது. இரண்டு தடவையும் உத்தரவு தலைநகரிலிருந்து வந்தது. சாவுக்குப் பின்னால் வந்தது. கூரையும் சுவரும் கோட்டையிலிருந்து தெரிகிற பொருள்கள் அல்ல. பிள்ளையைக் கொண்டு போய் விடுகிற தாய்க்குத் தெரிகிற பொருள்கள். அவள் வாய் திறக்க இடம் வேண்டும். திறந்தால் எழுதிக்கொள்ள ஆள் வேண்டும். இதற்காகத்தான் கூட்டம்.

பட்டணத்தானுக்குத் தாமதமாக வந்த சபை

கிராமத்தானுக்கு ஒரு பாக்கியம் உண்டு. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தமும் 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அவனுக்குக் கிராம சபையைக் கொடுத்தன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று இருந்த நாலு கூட்டத்தோடு, 2022-ல் மார்ச்சு 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 500 ஜனத்தொகை வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர். 3,000 வரை 100. 10,000 வரை 200. அதற்கு மேல் 300. நூறு நாள் வேலைக்குப் போன பெண்களை வரிசையாகக் கொண்டு வந்து உட்கார வைத்து இந்தக் கணக்கை நிரப்பிய ஊர்களும் உண்டு. தலைகளை எண்ணினார்கள், பேச்சை எண்ணவில்லை.

ஆனாலும் அந்தச் சபைக்கு ஒரு விசேஷம். ஊராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து வருஷம். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். மன்றம் போனாலும் கிராம சபை போகாது. வாக்காளர்கள் இருக்கும் வரை அதுவும் இருக்கும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசாத உள்ளாட்சி மேடை கிடையாது. குடவோலை முறையைச் சொல்லி எல்லோரும் பெருமைப்படுவார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது என்று அதே கல்வெட்டில் ஒரு ஷரத்து இருக்கிறது. பேச்சாளர்களுக்கு அந்த வரி ஏனோ கண்ணில் படுவதில்லை.

பட்டணத்தான் நிலை வேறு. சென்னைக் கார்ப்பரேஷன் 1688-ல் ஏற்பட்டது, இந்தியாவிலேயே மூத்தது. அத்தகைய கார்ப்பரேஷனில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் இல்லை. ஒரு பிள்ளை பிறந்து, பள்ளி முடித்து, கல்லூரியும் முடித்து வேலைக்குப் போகிற காலம் அது. பிறகு, 2016-ல் காலம் முடிந்த நகரசபைகளுக்கு 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் தேர்தல் நடந்தது. 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் ஐந்து வருஷத்துக்கு மேல் அதிகாரிகள் கையில் இருந்தன. கேள்வி கேட்க ஆள் இல்லாத வீட்டில் சமையல் எப்படி இருக்கும்?

அந்த வருஷமே வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. 2022 நவம்பர் 1-ந் தேதி பட்டணங்களில் பகுதி சபைகள் கூடின. கிராமத்தானுக்குக் கிடைத்து ஏறக்குறைய முப்பது வருஷத்துக்குப் பிறகு பட்டணத்தானுக்கு! அதிலும் ஒரு குறை. பகுதியின் பிரதிநிதி ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர் அல்ல, நியமனம் பெற்றவர். கவுன்சிலருக்கு வேண்டியவரே பிரதிநிதி என்றால் கவுன்சிலரைக் கேள்வி கேட்பது யார்? இந்த விதியைத் திருத்தத்தான் வேண்டும்.

திருத்தும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால், அதில் கல்வி வரி என்று ஒரு பங்கு இருப்பது தெரியும். நூலக வரி என்று இன்னொன்றும் உண்டு. தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் வரி கட்டுவதாக எண்ணிக்கொண்டிருப்பவர், பள்ளிக்கூடத்துக்கும் புத்தகசாலைக்கும் சேர்த்தே கட்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளை இல்லாதவரும் கட்டுகிறார்; பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவரும் கட்டுகிறார். அந்தக் கல்வி வரி எந்தப் பள்ளிக்கு, எந்தச் சுவருக்குப் போயிற்று என்று பகுதி சபையில் கேட்க அவர்களுக்கெல்லாம் உரிமை உண்டு.

"ஜனங்கள் கூட்டத்துக்கு வந்தால் தங்கள் வீட்டு வாசல் சாக்கடையைப் பற்றியே பேசுகிறார்கள், பொதுநலம் தெரியவில்லை" என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வதுண்டு. இது நியாயமான சலிப்பு அல்ல. ஊர் என்பது வீட்டு வாசல்களின் கூட்டம்தானே? நாற்பது பேர் நாற்பது வாசலைப் பற்றிப் பேசினால் தெருவின் வரைபடம் முழுவதும் இஞ்சினீயர் மேஜைக்கு வந்துவிட்டது.

தலைமையாசிரியர்களின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய புள்ளிவிவரம், நிரப்ப வேண்டிய ரிஜிஸ்டர், இப்போது செல்போன் செயலி வேறு. கூட்டம் நடத்தினாயா, போட்டோ அனுப்பினாயா என்று கேட்கும் மேலதிகாரி, போன மாதத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் கீழே உள்ளவர் செய்வார். போட்டோ கேட்டால் போட்டோ கிடைக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலையாகச் சென்ற கூட்டத்தின் தீர்மானங்களைச் சத்தமாக வாசித்து, எது முடிந்தது, எது எந்த ஆபீசில் நிற்கிறது என்று சொல்லவேண்டும் என ஓர் உத்தரவு போட்டால் செலவு காலணா இல்லை. அந்தப் பக்கத்தின் நகலைப் பள்ளி வாசலில் ஒட்டவும் பசை இருந்தால் போதும். கூலி வேலைக்காரர்கள் நிறைந்த ஊரில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, வரவில்லை என்று வருத்தப்படுவதை விட்டு, மாலை ஆறு மணிக்கு வைத்துப் பார்க்கலாம்.

பெற்றோர்கள் செய்யக்கூடியது ஒன்று. கழிப்பறை பற்றித் தீர்மானம் எழுதும்போது, "கழிப்பறை வசதி மேம்படுத்த வேண்டும்" என்று எழுத விடக்கூடாது. எத்தனை பெண் பிள்ளைகள், எத்தனை கதவு, எத்தனை தாழ்ப்பாள், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது, எந்த ஆபீசுக்கு, எந்தத் தேதிக்குள் என்று எழுதச் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் கேட்கும்படி வாசிக்கச் சொல்ல வேண்டும். கையெழுத்து அதற்குப் பிறகு போடலாம்.